பொட்டு விழாத படம்

பினாங்கு,
4-10-1937

பிரியமுள்ள அமராவதிக்கு ரத்தினவேல் எழுதிக்கொண்டது. நான் இங்கே சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருப்பதற்கு எழுதவும். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இங்கே வேலை பார்க்கும் நம்மூர் நாகராசு கொண்டு வருகிறான். அதில் பித்தளை வளையம் கட்டிய சிவப்புக் கண்ணாடி ஒன்றும் பிலிம் சுருள் இரண்டும் இருக்கின்றன. கண்ணாடியில் விரல் படாமல் துணியில் சுற்றியே வைத்திரு. விரல் ரேகை பட்டால் படம் மங்கிவிடும்.

விஷயம் என்னவென்றால், நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் ஓர் அறை காலியாகப் போகிறது. குடும்பம் உள்ளவனுக்குத்தான் கொடுப்பேன் என்கிறார் எங்கள் சீன முதலாளி. எனக்குக் கல்யாணம் ஆனதையே அவர் நம்பவில்லை. போட்டோக் கடையில் வேலை செய்கிறவனிடம் பெண்சாதி படம் ஒன்றுகூட இல்லையா என்று சிரிக்கிறார். உன் படம் வந்தால் அறை கிடைக்கும். அறை கிடைத்தால் உன்னை அழைத்துக்கொள்வேன். அம்மாவை மணமேல்குடி அக்கா வந்து கூட்டிப்போகட்டும்.

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஆத்மநாதன் என்பவர் படம் பிடிக்கிறாராம். அவரிடம் இந்தப் பொட்டலத்தைக் கொடுத்து இதையும் வாசித்துக் காட்டு. இது புதுத் தினுசு பிலிம். எல்லா நிறத்தையும் வாங்கும், ஆனால் கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டும். காமிராக் கண்ணுக்கு முன்னால் எந்த நிறக் கண்ணாடி வைக்கிறோமோ அந்த நிறம் வெளுக்கும், எதிர் நிறம் கறுக்கும். இங்கே வெள்ளைக்காரர்களுக்குக் கடற்கரைப் படம் எடுக்கும்போது சிவப்பைத்தான் போடுகிறோம். நீலவானம் கறுத்து மேகம் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். நம்மவர்கள் மேனியில் சிவப்பு ஓட்டம் உண்டல்லவா, அது வெளுத்து நிறம் எடுப்பாக விழும். எட்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். சிவப்பு விளக்கு வைத்துக் கழுவினால் பிலிம் பாழ், கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும் என்று சொல்.

உங்கள் இருவர் ஷேமத்தையே கோரும்,
ரத்தினவேல்


திருவரங்குளம்,
ஈசுவர வருஷம் ஐப்பசி 15

அன்பும் பட்சமுமுள்ள அத்தானுக்கு அமராவதி வணக்கத்துடன் எழுதுவது. அத்தை சுகம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, "எம்மகன் கையால ஒருவாட்டி தேச்சுவிட்டா இந்த வலி ஓடிப்போகும்" என்கிறார்கள். ஆறு வருஷமாக என் கை தேய்க்கிறது, அது கணக்கில் இல்லை போலிருக்கிறது.

நாகராசு பொட்டலத்தைக் கொடுத்தான். கண்ணாடியைத் தொடவில்லை, பயப்பட வேண்டாம். மழை பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. கண்மாய் நிறைந்துவிட்டது. ஆத்மநாதன் கூடத்தில் மேலே கண்ணாடி ஓடு வேய்ந்து அந்த வெளிச்சத்தில்தான் படம் பிடிக்கிறாராம். வெயில் வந்தபிறகு போகிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? என் நிறம் எடுப்பாக விழ வேண்டும் என்று எதற்கு இத்தனை பாடு? என் கறுப்பு உங்களுக்குப் புதிதில்லையே. பரிசம் போட்ட அன்று உங்கள் சித்தப்பா சபையில் "பொண்ணு மட்டு நெறந்தான்" என்று இழுத்தபோது, "அதப்பத்தி நீங்க யாரும் பேச வேணாம்" என்று வெடுக்கென்று சொன்னவர் நீங்கள்தானே. அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அடுத்த தைக்கு வருகிறேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் மட்டும் நாலு இருக்கிறது. போன மாதம் ஆலங்குடியிலிருந்து அப்பா வந்து, "நம்ம வீட்டுக்கு வந்துரு ஆத்தா, ஒங்க அயித்தையையும் கூட்டிக்கிட்டு வா, எங்க அக்காதானே" என்றார். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அத்தான், எனக்கு அலுத்துப்போய்விட்டது. படம் வந்தால் நிச்சயம் அழைத்துக்கொள்வீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
அமராவதி


பினாங்கு,
20-11-1937

பிரியமுள்ள அமராவதிக்கு,

ஆமாம். நிச்சயம் அழைத்துக்கொள்வேன்.

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே எனக்குப் பெயர் கிடையாது. வந்த நாளிலிருந்து கருப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலாளியும் அப்படித்தான், கூட வேலை செய்கிற நம் தமிழாட்களும் அப்படித்தான். இருட்டறைக் கதவைத் திறந்து, "உள்ளே கருப்பன் இருக்கிறானா, இருட்டு மட்டும் இருக்கிறதா" என்று கேட்பார்கள். தினமும் அதே வேடிக்கைதான். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், என் பெண்சாதியைப் பார்த்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்கள், அவள் அப்படிச் சிவப்பு என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியவில்லை. அறை கேட்டபோதும் முதலாளியிடம் அதையே சொல்லிவிட்டேன்.

இருட்டில் நின்று நின்று எனக்கும் ஓய்ந்துபோய்விட்டது. மருந்துத் தண்ணீரில் நனைந்து நகமெல்லாம் பழுப்பாகிவிட்டது. நீ வந்து ஒரு வேளை கையால் சோறு போட்டால் போதும். படத்தைச் சீக்கிரம் அனுப்பு.

ரத்தினவேல்


திருவரங்குளம்,
மார்கழி 20

அத்தானுக்கு அமராவதி எழுதுவது.

படம் இதற்குள் இருக்கிறது. கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு அப்புறம் அதைப் பாருங்கள்.

மார்கழி எட்டாம் தேதி பக்கத்து வீட்டுச் செவந்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனேன். கல்யாணத்துக் கூறைச்சேலையைத்தான் கட்டிக்கொண்டேன். அரக்குச் சிவப்பு, உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. குளித்து மஞ்சள் பூசி, குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தேன். ஆத்மநாதன் நல்ல மனிதர். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நான் இந்தப் பிலிமைக் கண்ணாலயே பாத்ததில்ல தாயி, ஒங்க வீட்டுக்காரர் சொன்னபடியே செய்யிறேன்" என்றார். கழுத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியை முட்டுக்கொடுத்து, மூச்சுவிடாதே, இமைக்காதே என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவந்தி வேறு எதிரே நின்று, "ஏண்டி, பினாங்கு போறதுக்கு முன்னாடியே செலையாயிட்டே" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் ஆனதும் புதுக்கோட்டைக்குப் போயிருந்த ஆள் ஒருவன் வாங்கிவந்து வீட்டில் கொடுத்திருக்கிறான். நான் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் என் கூறைச்சேலை வெள்ளையாக விழுந்திருந்தது. நெற்றியில் பொட்டே இல்லை. முகம் மட்டும் வெளுத்து, யாரோ மாதிரி இருந்தது.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. பினாங்குக்கு அனுப்ப எடுத்த படம் என்பது தெரியும், படத்தில் மருமகள் வெள்ளைச் சேலையோடு மூளி நெற்றியாக இருப்பது தெரிகிறது. "அடி ஆத்தீ, எம்மகனுக்கு என்னமோ ஆயிப்போச்சே, இந்தக் கோலத்துல படம் வந்துருக்கே" என்று மாரில் அடித்துக்கொண்டு தெருவில் விழுந்துவிட்டார்கள். தெருவே கூடிவிட்டது. யாரோ காட்டுக்கு ஓடிவந்து, "அமராவதி, பினாங்குலேருந்து சேதி வந்துருக்கு, வெரசா வா" என்றார்கள். என்ன சேதி என்று கேட்டதற்கு ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தான், வரப்பு நெடுக ஓடிவந்தேன். அந்த நேரம் நீங்கள் இல்லை என்றே நினைத்துவிட்டேன். அழுகை வரவில்லை. சரி, இனிமேல் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்புத்தான் வந்தது. பாவி நான், அப்படித்தான் நினைத்தேன். இதை உங்களிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டு வாசலில் செவந்தி படத்தைக் காட்டி, ஒன்றுமில்லை, படத்துக் கோளாறு என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஆத்மநாதனிடம் போனேன். அவர் பதறிப்போய், "சாமி சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி, மை தொட்டுப் பொட்டு வரைஞ்சு தர்றேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் சிவப்புக் கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்துச் செவந்தியைப் பார்த்தேன். அவள் நெற்றிக் குங்குமம் காணவில்லை. கண்ணாடியை எடுத்தால் இருக்கிறது, வைத்தால் இல்லை. ஆத்மநாதன் மேல் தப்பில்லை.

நீங்கள்தானே எழுதினீர்கள், எந்த நிறக் கண்ணாடியோ அந்த நிறம் வெளுக்கும் என்று. தினமும் இதைத்தானே செய்கிறீர்கள். குங்குமம் சிவப்பு என்று உங்களுக்குத் தெரியாதா? என் முகத்தை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுதினீர்களா? நினைத்திருந்தால் முதலில் என் நெற்றிதானே வந்திருக்க வேண்டும்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

அந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னார்கள் அத்தை. நான்தான் அனுப்புகிறேன். நீங்கள் கேட்ட நிறம் அதில் இருக்கிறது.

அமராவதி


பினாங்கு,
2-2-1938

பிரியமுள்ள அமராவதிக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். அம்மாவுக்கு நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன் என்று சொல். என் பெயருக்குச் சிவன் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிடு.

தப்பு என்னுடையதுதான். நிறம் ஒன்றே குறியாக இருந்ததில் பொட்டு விஷயம் தோன்றவில்லை. பச்சைக் கண்ணாடி போட்டிருந்தால் பொட்டு கறுப்பாகத் தெளிவாக விழுந்திருக்கும். ஆனால் முகமும் கறுத்துப்போகும், அதனால் அது நமக்கு உதவாது. போகட்டும். இங்கே மெல்லிய தூரிகை இருக்கிறது. நானே மை தொட்டுப் பொட்டு வைத்துவிட்டேன். சேலைக்கும் சாம்பல் நிறம் ஏற்றிக் கரை போட்டேன். இரண்டு நாள் பிடித்தது. இப்போது பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு நல்ல சேதி. அறை கிடைத்துவிட்டது! முதலாளி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். கூட இருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அன்றைக்கு என்னை ஒருவரும் கருப்பன் என்று கூப்பிடவில்லை. முதலாளி அதையே பெரிதாகப் போட்டுச் சட்டம் கட்டித் தந்திருக்கிறார். அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

சித்திரையில் நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பலுக்கு நாகராசுவோடு புறப்பட்டு வா. டிக்கெட்டுக்கு அவனிடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். இனிமேல் காட்டு வேலைக்குப் போகாதே. தினமும் மஞ்சளும் பாலேடும் பூசிக் குளி. கப்பலில் மேல்தளத்தில் நிற்காதே, கடல் வெயில் ஒரே வாரத்தில் கறுக்கடித்துவிடும். இங்கே எல்லாரும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், துறைக்கும் என்னோடு வருவார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன், வேறு ஒன்றுமில்லை.

உன் வரவை ஆவலோடு எதிர்பார்க்கும்,
ரத்தினவேல்


திருவரங்குளம்,
மாசி 10

அத்தானுக்கு அமராவதி எழுதுவது. அத்தை சுகம். அர்ச்சனை செய்தாயிற்று.

அறை கிடைத்தது பற்றிச் சந்தோஷப்பட வேண்டும் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன், முடியவில்லை. பாலேட்டுக்கு நான் எங்கே போவேன்? வீட்டு மாட்டுக்குப் பால் வற்றி மூன்று மாதம் ஆகிறது. காட்டுக்குப் போகாவிட்டால் கடலையை யார் பிடுங்குவது? நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "ஏண்டி, அவன் ஒன்னையக் கூப்புடுறானா, அந்தப் படத்தையக் கூப்புடுறானா?" என்று கேட்டார்கள்.

நேற்று இரண்டாவது சுருளை எடுத்துக்கொண்டு ஆத்மநாதனிடம் போனேன். களை வெட்டிய கையோடு, காட்டுச் சேலையோடுதான் போனேன். எந்தக் கண்ணாடியும் வேண்டாம், வெறுமனே எடுங்கள் என்றேன். "உள்ளது உள்ளபடிதான் விழும் தாயி, அப்பறம் என்னையக் குத்தஞ்சொல்லப்படாது" என்றார். வாசல் வெயிலில் நிற்க வைத்து ஒரு நொடியில் எடுத்துவிட்டார். இன்றைக்கு ஆளனுப்பி வாங்கிய அந்தப் படம் இதில் இருக்கிறது. கறுப்பாக இருக்கிறேன். கன்னம் ஒட்டியிருக்கிறது. பொட்டு இருக்கிறது.

அத்தான், நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. கப்பலேற எனக்கு ஆசைதான். உங்களுக்குச் சோறு போட எனக்கும் ஆசைதான். இந்தப் படத்தை உங்கள் முதலாளியிடமும் கூட இருக்கிறவர்களிடமும் காட்டி, இவள்தான் என் பெண்சாதி என்று ஒரு தடவை சொல்லுங்கள். சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அறை போனால் போகட்டும், மரத்தடியில்கூடக் குடித்தனம் செய்வேன். அந்த வரி வராமல் ஏற மாட்டேன். துறையில் இத்தனை பேர் முன்னால் வந்து இறங்கி, உங்கள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க என்னால் ஆகாது.

தங்கள் அன்புள்ள,
அமராவதி


பினாங்கு,
5-5-1938

அமராவதிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

படம் வந்தது. நீ இளைத்திருக்கிறாய். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். முதலாளியிடம் காட்டலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். ஒரு தடவை அவர் கையை நீட்டி, என்ன அது என்றுகூடக் கேட்டுவிட்டார். சரக்குச் சீட்டு என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டேன்.

உன் நிறத்துக்காக நான் வெட்கப்படுகிறேன் என்று நினைக்காதே. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன், அதை இவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்கள். இப்போது மாற்றிச் சொன்னால் பழைய கருப்பனைவிடக் கேவலமாகிவிடுவேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். பெண்சாதிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் போகட்டும். வேறு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, என்னைத் தெரியாத ஊராகப் பார்த்துப் போய், அங்கே உன்னை அழைத்துக்கொள்கிறேன். தைக்குள் எப்படியும் முடிந்துவிடும்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ரத்தினவேல்


திருவரங்குளம்,
வெகுதானிய வருஷம் வைகாசி 15

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. இத்தனை வருஷத்தில் நீங்கள் எழுதிய கடிதங்களில் இதை மட்டும்தான் நான் இரண்டாம் தடவை வாசிக்கவில்லை. ஒரு தடவையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்படக்கூட உடம்பில் சத்து வேண்டும் அல்லவா. உங்களை அங்கே கருப்பன் என்று கூப்பிடுகிறார்கள் என்று வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. அவர்கள் முன்னால் நீங்கள் தலைநிமிர வேண்டும் என்றுதான் மூச்சை அடக்கி உட்கார்ந்தேன். அவர்களுக்குப் பயந்து நீங்கள் என்னைப் பைக்குள் வைப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருக்க மாட்டேன். நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்காக ஒரு சொல் சொல்ல வேண்டிய இடத்தில் உங்களால் சொல்ல முடியவில்லை. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அறையில் நீங்கள் மட்டும்தான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. சுவரில் ஒருத்தி இருக்கிறாள். சிவப்பாக இருக்கிறாள், இளைக்க மாட்டாள், கடிதம் எழுத மாட்டாள், எதுவும் கேட்க மாட்டாள். அவளுக்குப் பொட்டு வைத்தது நீங்கள்தான். அவளையே வைத்துக்கொள்ளுங்கள். அவள் இருக்கிற வீட்டில் நான் வந்து எங்கே உட்காருவேன்?

உங்கள் சட்டைப் பையில் இருக்கிற படத்தை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். சிவப்புக் கண்ணாடியை நாகராசு அடுத்த கப்பலில் கொண்டு வருவான். அதைத் துணியில் சுற்றித்தான் கொடுத்திருக்கிறேன்.

நாளை மறுநாள் ஆலங்குடிக்குப் புறப்படுகிறேன். அத்தையை மணமேல்குடியில் விடவா என்று கேட்டேன். "நான் எதுக்கு அங்கிட்டுப் போறேன்? எந்தம்பி வீடு எனக்கில்லையா? நீ எங்கிட்டுப் போறியோ அங்கிட்டுத்தான் நானும் வாரேன்" என்று தன் சேலை இரண்டையும் மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் எழுதினால் வாசித்துக் காட்டுகிறேன். எனக்கென்று எழுத வேண்டாம். தையில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நான் நாள் எண்ணப்போவதில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைச் செவந்தியிடம் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துத் தண்ணீரில் கையை நனைத்தால் உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆலங்குடி முகவரி:
ரெங்கசாமி மகள் அமராவதி,
மேலத்தெரு.